பழைய காருக்கு செலவு பண்ணலாமா, மாத்திடலாமா? எங்கிட்ட கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதிலும்

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்ல. வேளச்சேரில இருக்கேன், எங்க வீட்ல 2010 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒண்ணு இருக்கு (கம்பெனி பேர் வேணாம், சொன்னா அதுக்கு ஒரு சண்டை வரும்). அந்த வண்டிக்கு ஆன ஒவ்வொரு செலவையும் டேஷ்போர்டுல கிடக்குற ஒரு டைரில எழுதி வச்சிருக்கேன். அது தெரிஞ்சதுல இருந்து சொந்தக்காரங்க, ஆபீஸ்ல இருக்கறவங்கன்னு எல்லாரும் அவங்க வண்டி பில்ல எனக்கு வாட்ஸப்ல அனுப்பி "என்ன பண்ணலாம்?"னு கேக்கறாங்க. திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் வருது, அதான் எழுதிட்டேன்.

வண்டிக்கு 12 வருஷம் ஆச்சு. மெக்கானிக் 45,000 ஆகும்கறாரு. வித்தா வண்டியே ஒரு லட்சம்தான் போகும். ஒரு லட்ச ரூபா வண்டிக்கு 45,000 போடறது முட்டாள்தனம் இல்லையா?

எல்லாரும் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான். பில்ல வண்டியோட விலை கூட ஒப்பிடாதீங்க. நீங்க வண்டிய விக்கப் போறதில்ல, ஓட்டப் போறீங்க. இத செய்யலன்னா அதுக்குப் பதிலா மாசம் எவ்வளவு கட்டப் போறீங்க, அதோட ஒப்பிடுங்க.

கணக்கு போட்டுப் பாப்போம். ஷோரூம் விலை 6 லட்சம்னு ஒரு புது கார் எடுக்கறீங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல லைஃப் டாக்ஸ ஏத்துனாங்க, 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். அதாவது டாக்ஸ் மட்டுமே 78,000. மூணு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், மேட்டு, கவரு எல்லாம் சேந்தா 7 லட்சத்தத் தாண்டிடும். கையில இருந்து ஒரு லட்சத்துக்கு மேல போட்டுட்டு மீதி 6 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம்னா ஈஎம்ஐ 12,450 ரூபா சொச்சம். மொத்த வட்டி ஒண்ணே முக்கால் லட்சம் வரும்னு நெனச்சேன், போட்டுப் பாத்தா 1,47,000.

இப்ப என் டைரி. 2023ல 31,400. 2024ல 58,700, அந்த வருஷம் கிளட்ச், ஏசி, ரெண்டு டயர்னு எல்லாம் ஒண்ணா வந்துச்சு. 2025ல 44,200, இதுல ஆர்சி ரினியூவலும் அடக்கம். மூணு வருஷத்துக்கு 1,34,300, மாசத்துக்கு பிரிச்சா 3,700 ரூபா. 58,700 கட்டுன அன்னைக்கு வயிறு எரிஞ்சது உண்மை. ஆனா அது அஞ்சு மாச ஈஎம்ஐ கூட இல்ல.

இன்னொண்ணு, அந்த 45,000த்த பிரிச்சுப் பாருங்க. அதுல டயர், பேட்டரி, பிரேக் பேட் எவ்வளவு? அதெல்லாம் எந்த வண்டி வச்சிருந்தாலும் வர்ற தேய்மானச் செலவு. அத கழிச்சுட்டு மிச்சம் இருக்கறதுதான் வண்டிக்கு வயசானதால வர்ற செலவு. நிறைய பேரோட பில்லுல அது பாதிதான் இருக்கும்.

அப்ப மாத்தவே வேணாம்கறீங்களா?

அப்படிச் சொல்லல. ஒரு விஷயம் வந்தா நானே மாத்தச் சொல்லிடுவேன். துரு.

கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி, ரேடியேட்டர், ஏன் இன்ஜினே கூட, எல்லாம் கழட்டி மாட்டற சாமான். பாடிய கழட்டி மாட்ட முடியாது. கதவுல, பானெட்ல மேலாக வர்ற துரு பரவால்ல, டிங்கரிங் பண்ணி பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிடலாம். கீழ, கதவுக்கு அடில நீளமா போற பகுதி, ஜாக் வைக்கிற இடம், சஸ்பென்ஷன் வந்து பாடில மாட்டற இடம், ஃப்ளோர், இங்கெல்லாம் துரு ஓட்ட போட்டிருந்தா அந்த வண்டி முடிஞ்சுபோச்சு. இடிச்சா தாங்க வேண்டிய இரும்பே அதுதான்.

எங்க பெரியப்பா தூத்துக்குடில கடல் பக்கமா இருக்காரு, அவரோட 2008 மாடல் வண்டிய போன வருஷம் பட்டறைக்கு கொண்டுபோனோம். மேல பாத்தா பளபளன்னு இருக்கு, வாரா வாரம் பாலிஷ் போடறவரு. லிஃப்ட்ல ஏத்துனதும் மெக்கானிக் ஒண்ணும் பேசல, ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்து டிரைவர் பக்கத்து கதவுக்கு அடில லேசா குத்துனாரு. அப்பளம் ஒடையற மாதிரி ஒரு சத்தம், கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. இழுத்தா கூடவே செதில் செதிலா கொட்டுது. அந்த இடத்துக்கு மேல எப்பவோ யாரோ பட்டி வச்சு கறுப்பு அண்டர்கோட்டிங் அடிச்சிருக்காங்க, அதான் வெளிய தெரியல. பெரியப்பா ரொம்ப நேரம் கீழயே குனிஞ்சு பாத்துட்டு இருந்தாரு. அன்னைக்கு அவரு இன்ஜின் வேலைக்குன்னு பணம் எடுத்துட்டு வந்திருந்தாரு. இன்ஜின் செஞ்சிருந்தா அத்தனையும் வீண்.

அதனால பெரிய செலவு எதுவா இருந்தாலும் முதல்ல லிஃப்ட்ல ஏத்தி அடிய பாருங்க, அப்புறம் பேசலாம்.

பின்னாடி புகை வருது, இன்ஜின் போச்சா?

கலர பாருங்க. நீலமா வந்தா ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேஞ்சிருக்கும். கறுப்புன்னா பெட்ரோலோ டீசலோ அதிகமா போகுது, ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர்னு சின்ன இடத்துலயே முடிஞ்சாலும் முடியும். வெள்ளையா, நிக்காம, இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் (இன்ஜின குளிர வைக்கற தண்ணி) சிலிண்டருக்குள்ள போகுது, ஹெட் கேஸ்கட்ட (இன்ஜின் தலைப்பாகத்துக்கு அடில இருக்கற சீல்) பாக்கணும். மார்கழி காலைல ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு நிமிஷம் வர்ற வெள்ளைப் புகை வெறும் நீராவி, அதுக்குப் பயப்படாதீங்க. ஆயில் மூடிய திறந்து பாத்தா உள்ள காபி நுரை மாதிரி இருந்தா தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கலாம், மெக்கானிக் பாக்கற வரைக்கும் வண்டிய ஓட்டாதீங்க.

இன்ஜின் வேலைக்கு சம்மதிக்கறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு பிரஷர் வருதுன்னு காட்டும். ஒண்ணுல மட்டும் கம்மின்னா அது ஒரு கதை, எல்லாத்துலயும் கம்மின்னா அது வேற கதை. டெஸ்ட் பண்ணாம சத்தத்த வச்சே "போர் பண்ணணும் சார்"னு (அதாவது சிலிண்டர உள்பக்கம் கடையணும்னு) சொல்றவர்ட்ட கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

இன்ஜின ரீபோர் பண்றதா, புதுப்பேட்டைல செகண்ட்ஸ் இன்ஜின் வாங்கி வைக்கறதா?

புதுப்பேட்டை சென்னைல பழைய வண்டி சாமான் விக்கற இடம், அங்க கிடைக்காதது இல்ல. கண்ணாடி, கதவு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் பாக்ஸ் வரைக்கும் நான் தைரியமா வாங்குவேன். இன்ஜின் வாங்க மாட்டேன். அது எந்த வண்டில இருந்து வந்துச்சு, எவ்வளவு ஓடுச்சுன்னு தெரியாது, அதவிட முக்கியம் இன்ஜின் நம்பர். ஆர்சில இருக்கற நம்பர் ஒண்ணு, வண்டில இருக்கற நம்பர் ஒண்ணுன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல ஒழுங்கா பதிவு பண்ணியாகணும். இல்லன்னா ரினியூவல், இன்சூரன்ஸ் கிளெய்ம், விக்கறது எல்லாத்துலயும் இடிக்கும். அது திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல நீங்கதான் பதில் சொல்லணும்.

ரீபோர் பண்றதுன்னா நல்ல லேத் தெரிஞ்ச ஆளா பாருங்க, பில்லு வாங்குங்க. பாடி சுத்தமா இருந்து நீங்க இன்னும் அஞ்சு வருஷம் வச்சுக்கறதா இருந்தா மட்டும்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கு.

பெரிய செலவு வராம தடுக்க வழி இருக்கா?

இன்ஜின சாகடிக்கறது பெரும்பாலும் சின்ன சாமான்தான். சில நூறு ரூபா ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு, டெம்பரேச்சர் முள்ளு மேல போறது தெரிஞ்சும் "வீட்டுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்"னு ஓட்டி, ஹெட்டு வளைஞ்சு போன கதை எனக்கே நாலஞ்சு தெரியும். பத்து வருஷம் ஆன வண்டில எல்லா ஹோஸையும் தெர்மோஸ்டாட்டையும் ஒரே தடவைல மாத்திடுங்க.

அடுத்தது டைமிங் பெல்ட், இன்ஜின் வால்வுகள சரியான நேரத்துக்கு திறந்து மூட வைக்கறது. உங்க இன்ஜின்ல பெல்டா செயினான்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. பழைய மாருதி 800, ஆல்டோ 800, சான்ட்ரோ ஜிங் இதெல்லாம் பெல்ட். மாருதி கே சீரிஸ் இன்ஜின், ஸ்விஃப்ட்ல இருந்து இண்டிகா விஸ்டா வரைக்கும் ஓடுன அந்த ஃபியட் 1.3 டீசல் எல்லாம் செயின். செயின்னா சத்தம் வந்து சொல்லும், பெல்ட் சொல்லாம அறுந்துடும். பழைய வண்டி வாங்குனவங்க, போன ஓனர் மாத்துனாரான்னு தெரியலன்னா மாத்தலன்னே வச்சுக்கிட்டு மாத்திடுங்க.

ஒரே ரிப்பேர் திரும்பத் திரும்ப வருதே?

அது வண்டியோட தப்பா, வேலை செஞ்சவரோட தப்பான்னு முதல்ல பாருங்க. என் வண்டில ஏசி கூலிங் இல்லன்னு ஒரு கடைக்குப் போனேன். கேஸ் அடிச்சாரு, 1,800. ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, போயிடுச்சு. திரும்பவும் கேஸ், திரும்பவும் 1,800. மூணாவது தடவையும் அதேதான், எனக்கும் புத்தி இல்ல. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ற சாமான் இல்ல, லீக் இருந்தாதான் குறையும், இது எனக்கு அப்பத் தெரியாது. அப்புறம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொன்ன இன்னொரு மெக்கானிக்கிட்ட போனா அவரு கேஸ பத்தியே பேசல, நைட்ரஜன் அடிச்சு பிரஷர் நிக்குதான்னு பாத்தாரு, நிக்கல, டேஷ்போர்ட கழட்டி கூலிங் காயில வெளிய எடுத்து தண்ணித் தொட்டில முக்குனாரு. கடுகு சைஸ்ல ஒரு இடத்துல இருந்து வரிசையா குமிழி. காயில் மாத்த 7,500. முதல்லயே அங்க போயிருந்தா 5,400 மிச்சம், மூணு வெயில் காலம் வேர்த்து வடிஞ்சதும் மிச்சம்.

அந்த மூணாவது 1,800 கட்டுன அன்னைக்கு "இந்த வண்டிய வித்துத் தொலைக்கணும்"னு வீட்ல சொல்லி ஷோரூம் வரைக்கும் போயிட்டு வந்தேன். மெக்கானிக்க மாத்த வேண்டிய இடத்துல வண்டிய மாத்த இருந்தேன்.

15 வருஷம் முடிஞ்சா ஓட்டக்கூடாதாமே, கவர்மென்ட் எடுத்துட்டுப் போயிடுமாமே?

இல்ல. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் ரூல் டெல்லி சுத்துவட்டாரத்துக்கு பசுமைத் தீர்ப்பாயமும் சுப்ரீம் கோர்ட்டும் போட்டது, அதுலயும் 2025ல கோர்ட் கொஞ்சம் தளர்த்திருக்கு. நம்ம ஊர்ல சொந்த காருக்கு வயச வச்சு தடை கிடையாது. ஆனா ஆர்சி 15 வருஷத்துக்குத்தான், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா ரினியூ பண்ணணும். முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே ஃபார்ம் 25ல அப்ளை பண்ணலாம். முன்ன 600 ரூபாயா இருந்த ஃபீஸ 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கிட்டாங்க, 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. இதுக்கு மேல டெஸ்ட் சார்ஜ், கிரீன் டாக்ஸ் வரும். லேட் ஆச்சுன்னா மாசத்துக்கு 500 தண்டம். ஃபீஸ் அடிக்கடி மாறுது, கட்றதுக்கு முன்னாடி கவர்மென்டோட பரிவாகன் சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க.

நான் போனப்ப என்ன நடந்துச்சுன்னா, வண்டிய கொண்டுபோய் நிறுத்தணும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு. லைட்டு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயரு, நம்பர் பிளேட்டு. சேஸிஸ் நம்பர் மேல பேப்பர வச்சு பென்சிலால தேச்சு அச்சு எடுத்துக் குடுக்கணும். என் வண்டில அந்த இடத்துல பதினஞ்சு வருஷ கிரீஸும் மண்ணும், டர்பன்டைன் போட்டு துடைச்சு நாலாவது பேப்பர்லதான் நம்பர் தெளிவா விழுந்துச்சு. போறதுக்கு முந்தின நாளே வீட்ல செஞ்சு வச்சுக்கோங்க. இன்சூரன்சும் புகை சர்டிபிகேட்டும் கரண்ட்ல இருக்கணும்.

14 வருஷம் ஆன வண்டிக்கு பெரிய செலவு வந்தா இந்த ரினியூவலையும் சேத்துக் கணக்கு போடுங்க. டெஸ்டுக்குன்னே லைட்டு மாத்தறது, பெயிண்ட் டச்சப்னு தனியா ஒரு செலவு வரும்.

மைலேஜ் குறைஞ்சுபோச்சு, புது வண்டி எடுத்தா பெட்ரோல்லயே மிச்சம் பண்ணிடலாம்ல?

மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறீங்க, பழசு 14 குடுக்குது, புதுசு 20 குடுக்கும், பெட்ரோல் 100 ரூபான்னு வச்சுக்கோங்க. மிச்சம் மாசம் 2,100 சொச்சம். ஈஎம்ஐ 12,450. நீங்களே பாத்துக்கோங்க. மாசம் 3,000 கிலோமீட்டர் ஓட்டறவரா இருந்தா யோசிக்கலாம்.

இ20 பெட்ரோல் பழைய வண்டிய கெடுத்துடுமா?

பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால்ல பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் குறையறது நிஜம். பழைய வண்டில ரப்பர் ஹோஸ், ஓ ரிங், கேஸ்கட் இதெல்லாம் இதுக்குன்னு செஞ்சதில்ல, சீக்கிரம் கெட்டியாகி வெடிக்கலாம். பெட்ரோல் வாசனை வந்தா உடனே பாருங்க, அத மட்டும் தள்ளிப்போடாதீங்க. மாசக்கணக்கா ஓட்டாம நிறுத்தி வைக்காதீங்க, எத்தனால் ஈரத்த இழுக்கும். இதுக்காகவே வண்டிய மாத்தணும்கற அளவுக்கு எனக்கு எதுவும் படல.

ஏர்பேக் இல்ல, குழந்தைங்க இருக்காங்க. அத நெனச்சாதான் பயமா இருக்கு.

இந்தக் கேள்விக்கு மட்டும் என் டைரி கணக்கு செல்லாது. ஏபிஎஸ் (சடன் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) 2019 ஏப்ரல்லயும் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலைலயும்தான் கட்டாயமாச்சு, பக்கத்து சீட்டுக்கும் சேத்து எல்லா காருக்கும்னா 2022 ஜனவரில. அதுக்கு முந்தின பேஸ் மாடல் நிறைய இது ஒண்ணும் இல்லாமதான் வந்துச்சு. 2014ல குளோபல் என்கேப்னு கார் பாதுகாப்ப சோதிக்கற அமைப்பு நம்ம ஊரு சின்ன கார்கள இடிச்சுப் பாத்தப்ப ஏர்பேக் இல்லாத அஞ்சு மாடலும் ஜீரோ ஸ்டார். பின்னால வாங்கிப் பொருத்திக்கற சாமானும் இல்ல இது.

ஊருக்குள்ள 40ல போற வண்டின்னா நான் வச்சுப்பேன், பெல்ட்ட எல்லாரும் போடணும், பின்சீட்டும்தான். மாசம் ரெண்டு தடவ குடும்பத்தோட பைபாஸ்ல 100ல ஊருக்குப் போறவரா இருந்தா, வண்டி எவ்வளவு நல்லா ஓடுனாலும் மாத்துங்க. புதுசுக்குக் காசு இல்லன்னா ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கற செகண்ட் ஹேண்ட் எடுங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஏமாறாம இருக்க?

பானெட் கீல்ல, ஃபெண்டர்ல இருக்கற போல்ட்டு தலையப் பாருங்க, பெயிண்ட் உரிஞ்சு ஸ்பேனர் பட்ட தடம் இருந்தா கழட்டி மாட்டிருக்காங்க, அடி வாங்குன வண்டியா இருக்கலாம். மீட்டர் 30,000 காட்டுது ஆனா பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்குன்னா மீட்டர திருப்பிருக்காங்க. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. எம்பரிவாகன் ஆப்ல லோன் பாக்கி, சலான் பாக்கி பாத்துடுங்க. அப்புறம் மறக்காம லிஃப்ட், ஸ்க்ரூ டிரைவர்.

பழைய வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எதுக்கு? தேர்ட் பார்ட்டி போதாதா?

1000 சிசிக்குள்ளன்னா தேர்ட் பார்ட்டி 2,094, 1500 வரைக்கும் 3,416, கூட ஜிஎஸ்டி. சீப்தான். ஆனா அது அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்குத்தான், நம்ம வண்டி வெள்ளத்துல போனா ஒரு பைசா வராது, நான் இருக்கறது வேளச்சேரி. 2015லயும் பாத்தாச்சு, 2023 மிக்ஜாம்லயும் பாத்தாச்சு. 2024 அக்டோபர்ல மழைன்னு சொன்னதும் மேம்பாலத்து மேல வரிசையா கார நிறுத்துனாங்கல்ல, அதுல ஒண்ணு நம்மளுது. தண்ணி புகுந்த வண்டிய ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, சிலிண்டர்ல தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், பேட்டரிய கழட்டிட்டு டோ பண்ணுங்க.

ரிப்பேர் செலவு ஐடிவில (பாலிசில உங்க வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்பு) 75 சதவீதத்த தாண்டுனா டோட்டல் லாஸ்னு கணக்கு. பழைய வண்டிக்கு ஐடிவியே ஒரு லட்சம்னா சீட்டு வரைக்கும் தண்ணி வந்தாலே தாண்டிடும். அப்ப சென்டிமென்ட் பாக்காம பணத்த வாங்கிடுங்க.

வண்டிய மாத்தறப்ப நோ கிளெய்ம் போனஸ (கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) விட்டுடாதீங்க. அது வண்டியோடது இல்ல, உங்களோடது, 50 சதவீதம் வரைக்கும் புது வண்டி பாலிசிக்கு மாத்திக்கலாம்.

சரி, மாத்தறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எக்ஸ்சேஞ்சா, வெளிய விக்கறதா, ஸ்கிராப்பா?

எக்ஸ்சேஞ்ச்ல விலை கம்மியாதான் வரும், அலைச்சல் இல்ல. வெளிய வித்தா பத்து இருபதாயிரம் கூட வரும், ஆனா பேர் மாத்தாம சாவிய குடுக்காதீங்க. ஆர்சில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, வாங்குனவன் எங்கயாவது இடிச்சா நஷ்டஈடு உங்க தலைல வரும். "புரோக்கர் பாத்துப்பாரு சார்"னு விட்டவங்களுக்கு ரெண்டு வருஷம் கழிச்சும் சலான் வந்துட்டு இருக்கு.

ஸ்கிராப்னா அங்கீகாரம் உள்ள ஸ்கிராப் சென்டர்ல குடுத்து டெபாசிட் சர்டிபிகேட் வாங்குங்க, புது வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்ல சலுகை உண்டு. காயலான் கடைல சும்மா எடைக்குப் போட்டா ஆர்சி உங்க பேர்லயே உசுரோட இருக்கும்.

அப்பா வாங்குன வண்டி. விக்க மனசே வரல.

எங்க வண்டியும் அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்குனதுதான். டைரில முதல் ரெண்டு வருஷம் அவரு கையெழுத்து, பெட்ரோல் போட்டது, ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்குனது வரைக்கும் எழுதிருப்பாரு. மனசு வரலன்னா வச்சுக்கோங்க, மாசம் 3,700 ரூபா அதுக்கு அதிகமில்ல.

ஆனா போன மாசம் ஆயில் மாத்த விட்டப்ப லிஃப்ட்ல ஏத்துனாங்கல்ல, நானே போய் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாத்தேன். மூணு பக்கம் டங்குன்னு சத்தம். இடது பின்பக்கம் ஜாக் வைக்கிற இடத்துல மட்டும் சத்தம் வேற மாதிரி. உள்ள போகல, ஆனா பெயிண்ட் கட்டியா உதிந்துச்சு. சுரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சு வச்சிருக்கோம், அடுத்த மழை முடிஞ்சதும் திரும்ப ஏத்திப் பாக்கணும். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.